குழுவைத் திறந்துவிடுங்கள்: கல்வித்துறை அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வித்துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

அறிவியல் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் இனி நிர்வாகிகள் மட்டுமே பதிவிட முடியும் என்ற அறிவிப்பு வந்ததிலிருந்தே இந்த மடலை எழுத நினைத்திருந்தேன். ஏன் அப்படி ஆனது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுற்றறிக்கை உங்கள் அலுவலகத்திலிருந்து வந்ததுதான். அதனால் நேராகக் கோரிக்கைக்கே வந்துவிடுகிறேன்: குழுவைத் திறந்துவிடுங்கள். ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளட்டும்.

வினவல் வழிக் கற்றலை, அதாவது பிள்ளைகள் தாங்களே கேள்வி கேட்டு, செய்து பார்த்து விடை தேடும் முறையை, எல்லா வகுப்பிலும் கொண்டுவர வேண்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நாங்களும் மனதார ஏற்றுக்கொண்டோம். ஆனால் அந்த முறையில் பாடம் நடத்தும் ஒருவருக்கு மறுநாள் என்ன சிக்கல் வரும் என்பது எந்தக் கையேட்டிலும் இருக்காது. அதைப் பேசத்தான் அந்தக் குழு இருந்தது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். தனி ஊசல் பாடம். எதை மாற்றினால் ஊசல் வேகமாக ஆடும், எதை மாற்றினால் மெதுவாகும் என்ற கேள்வியை ஓர் ஆசிரியை மாணவர்களிடமே விட்டுவிட்டார். பொருள்கள் என்று பார்த்தால் நூல், சில இரும்பு நட்டுகள், ஒரு நிறுத்துக் கடிகாரம், அவ்வளவுதான். குண்டின் நிறையால் அலைவு நேரம், அதாவது ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப எடுக்கும் நேரம், மாறாது என்கிறது பாடநூல். அவர் வகுப்பிலோ ஒரு மாணவர் அணி, நட்டு கூடக்கூட ஊசல் மெதுவாகிறது என்று அட்டவணை போட்டுக் காட்டிவிட்டது. பத்துப் பத்து அலைவாக எண்ணி, ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து, சராசரியும் எடுத்திருந்தார்கள். அளந்த விதத்தில் குறை சொல்ல இடமே இல்லை. நீங்கள் செய்தது தப்பு, புத்தகம் சொல்வதுதான் சரி என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால், வினவல் அந்த நிமிடமே செத்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. அன்று இரவு அட்டவணையைப் படமெடுத்துக் குழுவில் போட்டார்.

காற்றுத் தடை காரணமாக இருக்கலாம் என்றார் ஒருவர். கோணம் அதிகமாகியிருக்கும் என்றார் இன்னொருவர். மூன்றாவது ஒருவர், நட்டுகளை எப்படித் தொங்கவிட்டார்கள் என்று மட்டும் கேட்டார். ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலி போலக் கோத்திருந்தார்கள். அங்கேதான் விஷயம் இருந்தது. ஊசலின் நீளம் என்பது மேலே கட்டிய இடத்திலிருந்து குண்டின் நிறை மையம் (எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) வரை. நட்டு ஒவ்வொன்றாகக் கீழே சேரச் சேர அந்த மையமும் கீழே இறங்குகிறது. 20 சென்டிமீட்டராக இருந்த நீளம் 24 ஆகிவிட்டால், பத்து அலைவுக்கு 9 வினாடி எடுத்த ஊசல் 10 வினாடியை நெருங்கிவிடும். பிள்ளைகள் எடையை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு நீளத்தையும் சேர்த்தே மாற்றியிருக்கிறார்கள். அவர்களுடைய அட்டவணை சொன்னது உண்மைதான், வேறொன்றைப் பற்றிய உண்மை.

அதே மூன்றாமவர் அடுத்துச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. காரணத்தை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், எல்லா நட்டுகளையும் ஒரே கொக்கியில் மாட்டித் திரும்பச் செய்யச் சொல்லுங்கள், அப்புறம் இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று அவர்களையே கேளுங்கள் என்றார். இப்படி ஒரு யோசனை, ஒரு ராத்திரியில், தேவைப்பட்டவருக்குத் தேவைப்பட்ட நேரத்தில் கிடைத்தது. எந்தப் பயிற்சி முகாமில் இது கிடைக்கும்?

இப்போது அந்த ஆசிரியைக்கு அப்படி ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. அவர் பள்ளியில் அறிவியலுக்கு அவர் ஒருவர்தான். நிறையப் பள்ளிகளில் இதுதான் நிலை. ஆசிரியர் அறையில் நாலு பேர் இருப்பார்கள், ஆனால் ஊசலைப் பற்றிப் பேச ஒருவரும் இருக்கமாட்டார். பூட்டிய குழுவுக்குள் அவருக்கு வருவதெல்லாம் ஒன்றுதான்: விவரம் அனுப்பவும், இன்று மாலைக்குள்.

வினவல் வழிக் கற்றல் நேற்று முளைத்ததல்ல என்பது உங்களுக்கும் தெரியும். அறிவியலை ஏற்கெனவே சமைத்து முடித்த அறிவாகப் பரிமாறுகிறோம், சிந்திக்கும் முறையாகக் கற்றுத்தருவதில்லை என்று அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1910இலேயே குறைப்பட்டுக்கொண்டார். எதிர்ப்பும் உண்டு. புதிதாகக் கற்கும் பிள்ளையைப் போதிய வழிகாட்டல் இல்லாமல் தேடவிட்டால் கற்றல் நடக்காது என்று 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் மூவரும் எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. நன்றாக நடத்தப்படும் வினவல் வகுப்பில் வழிகாட்டல் நிறையவே உண்டு என்று அடுத்த ஆண்டே மறுப்பும் வந்தது. என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. எப்போது கை கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்போது கையை எடுப்பது? இதற்கான பதில் வகுப்புக்கு வகுப்பு, கேள்விக்குக் கேள்வி மாறும். அதைச் சுற்றறிக்கையில் எழுதி அனுப்ப முடியாது. செய்து பார்த்தவர்கள் பேசிப் பேசித்தான் பிடிபடும். பேசுகிற வாயைத்தான் நீங்கள் மூடியிருக்கிறீர்கள்.

குழு போய் அதன் இடத்தில் வந்தது படம். வாரம் ஒருமுறை வினவல் செயல்பாட்டின் படத்தைச் செயலியில் பதிவேற்ற வேண்டும். சரி, ஏற்றுகிறோம். ஆனால் வினவல் படத்தில் எப்படித் தெரியும்? ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிகூடப் பொறுப்பதில்லை, மூன்று வினாடிக்கு மேல் காத்திருந்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, அவர்களே கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள் என்று அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்து சொன்னார். அந்த மூன்று வினாடியைப் படமெடுத்தால், சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு வகுப்புதான் தெரியும். எனவே வண்ண அட்டையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் நாலு பிள்ளைகளை நிறுத்திப் படமெடுத்து ஏற்றுகிறோம். நீங்களும் மதிப்பெண் போடுகிறீர்கள். எல்லாருக்கும் மகிழ்ச்சி.

பாடத்திட்டப் படிவத்தையும் சொல்லியாக வேண்டும். ஈடுபடுத்தல், ஆராய்தல், விளக்குதல், விரிவாக்குதல், மதிப்பிடுதல் என்று அதில் ஐந்து கட்டங்கள். நல்ல அமைப்பு, 1980களிலிருந்து பலரும் பயன்படுத்துவதுதான். பிள்ளைகள் முதலில் ஆராய வேண்டும், விளக்கம் அதற்குப் பிறகு அவர்கள் கண்டதிலிருந்து வர வேண்டும் என்பதுதான் அந்த வரிசையின் உயிர். எங்கள் படிவத்தில் மாணவர் தரும் விளக்கம் என்ற கட்டத்தையும் வகுப்புக்கு முந்தைய நாளே நாங்கள் நிரப்பி அனுப்பிவிட வேண்டும். நாளை என் வகுப்புப் பிள்ளைகள் என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று இன்று மாலையே எனக்குத் தெரிந்துவிடுகிறது. இவ்வளவு தீர்க்கதரிசனம் உள்ள எங்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் பேச விட என்ன தயக்கமோ.

கடந்த பயிற்சியில் வினவல் வழிக் கற்றல் பற்றி நாள் முழுக்க ஒருவர் திரையைப் பார்த்து வாசித்தார். கேள்விகளுக்கு என்று கடைசியில் நேரம் ஒதுக்கியிருந்தார்கள், அந்த நேரம் வருகைப் பதிவிலேயே போய்விட்டது. சரி, விடுங்கள். கோபத்தில் எங்கோ போய்விட்டேன். பயிற்சியைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உங்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. குழுவில் வதந்திகள் வந்தன. காலை வணக்கப் படங்கள் குவிந்தன. இடமாறுதல் புலம்பல்களும் இருந்தன, அவை உங்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைச் சிலர் பகிர்ந்ததும் சரியில்லைதான் (இப்போது அதே படங்களை வாரந்தோறும் செயலியில் கேட்பது யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை). இவற்றுக்கெல்லாம் விதி போடுங்கள், கட்டுப்படுகிறோம். பிள்ளைகளின் பெயரோ முகமோ வரக் கூடாது. பாடத்துக்குச் சம்பந்தமில்லாததை நீக்கலாம். அதைப் பார்த்துக்கொள்ள எங்களுக்குள்ளேயே இரண்டு மூன்று பேரை நிர்வாகிகளாகப் போடுங்கள், அலுவலகத்துக்கு அந்த வேலையும் மிச்சம். நல்ல பதில்கள் அரட்டையில் புதைந்துபோகாமல் இருக்க, பாடவாரியாக ஒரு பொதுக் கோப்புறை இருந்தால் இன்னும் நல்லது. அதை நாங்களே உருவாக்கிக்கொள்வோம். அனுமதி மட்டும் தாருங்கள். ஒவ்வொரு பதிவையும் மேலிடம் பார்த்த பிறகுதான் வெளியிட வேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் வேண்டாம். நாளைக் காலை வகுப்புக்கு வேண்டிய பதில் அடுத்த வாரம் ஒப்புதலாகி வந்து பயனில்லை.

மறுபடியும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்: குழுவைத் திறந்துவிடுங்கள்.

அடுத்து மின்சுற்றுப் பாடம் வருகிறது. தொடரிணைப்பில், ஒரே சுற்றில் ஒன்றன்பின் ஒன்றாக, பிள்ளைகள் இரண்டு பல்புகளை மாட்டுவார்கள். இரண்டும் துல்லியமாக ஒரே மாதிரி இல்லாததால் ஒன்று கொஞ்சம் மங்கலாக எரியும். முதல் பல்பு மின்சாரத்தைத் தின்றுவிட்டது என்று பாதி வகுப்பு முடிவு கட்டிவிடும். மங்கல் பல்போடு போகிறதா, இடத்தோடு நிற்கிறதா என்று பல்புகளை இடம் மாற்றிப் பார்க்கச் சொல்லும் யோசனை எங்களில் சிலருக்கு உடனே தோன்றும், சிலருக்குத் தோன்றாது. அந்தப் பாடம் தொடங்குவதற்குள் உங்கள் உத்தரவு வந்துவிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் குழுவில் இன்னமும் உறுப்பினராக உள்ள
ஓர் அறிவியல் ஆசிரியை