ராவாய் இரையை இரண்டாம் முறை உறைய வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தோட்டத்து வேலையை விட்டு ராவாய் (நீண்ட கயிற்றில் வரிசையாகத் தூண்டில் முள் கட்டி மீன் பிடிக்கும் முறை) படகுகளில் சேரும் நம் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கப்படுவது இரை வேலைதான். யாரும் சொல்லித்தராமலே அதைச் செய்யச் சொல்வார்கள். தூண்டில் முள்ளையும் தங்கூசி நரம்பையும் பார்த்துப் பார்த்து வாங்கும் படகுக்காரர்கள்கூட இரையைக் கடைசி நிமிட வேலையாகவே நினைக்கிறார்கள். இழப்பு பெரும்பாலும் அங்கேதான்.

சிறு படகு ஒன்று 200 முள் போடுவதாக வைத்துக்கொள்வோம். இரைக்குப் போடும் கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் ஒன்று 100 கிராம் இருக்கும். மூன்று துண்டாக்கினால் முள்ளுக்கு 30 முதல் 35 கிராம், மொத்தம் 7 கிலோவுக்குள் முடிந்துவிடும். ஆனால் கையில் இருப்பதோ உறைந்த மீன் 10 கிலோ அட்டைப்பெட்டி. பெட்டியை முழுக்க இளக்கிவிட்டு, மிஞ்சிய 3 கிலோவை வீட்டு ஃப்ரீசரில் திணிக்கிறார்கள். அடுத்த வாரம் அதே மீன் மறுபடி இளகுகிறது.

தொழிற்சாலையில் கடுங்குளிரில் வேகமாக உறைய வைப்பதால் சதைக்குள் பனித்துகள்கள் சிறியவையாகவே இருக்கும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி காட்டினாலும், 3 கிலோ ஈரமீனை உறைய வைக்க அதற்கு நெடுநேரம் வேண்டும். மைனஸ் 1க்கும் மைனஸ் 5க்கும் நடுவில் எவ்வளவு நேரம் இழுக்கிறதோ அவ்வளவு பெரிதாகத் துகள்கள் வளர்ந்து தசையைக் கிழிக்கும். திரும்ப இளகும்போது சாறு வடிந்து வயிற்றுப்பக்கம் பஞ்சாகிவிடும். அந்தத் துண்டு முள்ளில் ஏறும், தண்ணீரில் அடிபட்டதும் கழன்றும் விடும்.

வழி எளிது. பெட்டி கல்லாக இருக்கும்போதே, கழுவிய ரம்பத்தால் வேண்டியதை மட்டும் அறுத்தெடுங்கள். மற்றது உருகுமுன் உள்ளே போகட்டும். சிமெண்டுத் தரையில் ஓங்கிப் போட்டு உடைப்பவர்கள் உண்டு. வயிறு கிழிந்து குடல் வெளியே வந்த இரையால் நண்டுக்குத்தான் லாபம்.

எடுத்ததை முந்தைய இரவே ஐஸ்பெட்டிக்கு மாற்றிவிட்டால் மெல்ல இளகும். காலையில் ஒட்டிக்கொண்டிருப்பவற்றைக் கடல்நீரில் சிறிது நேரம் போட்டுப் பிரிக்கலாம். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உப்பில்லாத நீரைச் சதை உறிஞ்சி ஊதும். சோத்தோங் (கணவாய்) வெளுத்துத் தொளதொளவென்றாகும். கிரியான் ஆற்றுமுகத்து நீரும் உப்புக் குறைந்ததுதான். படகு வெளிக்கடலுக்கு வந்தபின் வாளியில் மொள்ளுங்கள்.

விரலால் அழுத்தினால் மேல்சதை பதிய வேண்டும், நடுமுள்ளை ஒட்டிக் கொஞ்சம் விறைப்பு மிச்சமிருக்க வேண்டும். அதுதான் பதம். கத்தி அப்போது நேராக இறங்கும். முழுக்க விறைத்த மீனில் முள்ளை ஏற்றப் பார்த்தால், வழுக்கிக் கையில்தான் ஏறும். விறைத்த இரை மெதுவாக அமிழும் என்பதால் கடற்பறவைகளும் கொத்திப்போகும். துண்டு மீனானால் தோல்புறம் குத்தி, சதையைக் கடந்து, மறுபடி தோல்வழியே முனை வெளியே தெரிய வேண்டும். பிடிப்பைக் கொடுப்பது தோல்தான்.

இளகியும் பயன்படாமல் போனதற்கு உப்பு போடுங்கள். கிலோவுக்கு 100 கிராம் கல்லுப்பு, அடுக்கடுக்காகத் தூவி, அடியில் ஓட்டையுள்ள கூடையில் நீர் வடியவிட்டு, பிறகு மூடி ஐஸில் வைக்கலாம். வாசம் சற்றுக் குறைந்தாலும் தோல் இறுகி முள்ளைப் பற்றிக்கொள்ளும். தூளுப்பு மேற்பரப்பை மட்டும் சட்டென்று இறுக்கிவிடும், உள்ளே இறங்காது.

கயிறு இழுக்கும்போது வெறும் முள் வந்தால் உடனே "சின்ன மீன் தின்றுவிட்டது" என்பார்கள். எங்கே வெறுமையாக வருகிறது என்று கவனியுங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தால் மீனோ நண்டோ கடித்திருக்கும். ஒரே கூடையில் சுருட்டி வைத்திருந்த கயிற்றில் தொடர்ச்சியாக இருபது முப்பது வெறுமையாக இருந்தால், அந்தக் கூடைக்கு எந்தப் பெட்டி இரை போனது என்று பாருங்கள்.

ஆழ்கடல் சூரைப் படகுகளுக்கு இந்த மிச்சத் தொல்லை குறைவு. 2,000 முள்ளுக்கு முள்ளொன்றுக்கு 100 கிராம் என்றாலே 200 கிலோ, அதாவது 20 பெட்டி காலியாகிவிடும்.

சமையலறைக்கும் ஒரு சொல். வெயிலில் கிடந்த இரை கெம்போங்கைக் கறிக்குக் கொண்டுபோகாதீர்கள். கெம்போங், சூரை வகை மீன்கள் குளிரில்லாமல் கிடந்தால் பாக்டீரியாக்களால் ஹிஸ்டமின் உண்டாகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வரும். புளி ஊற்றிச் சமைத்தால் அது இருப்பது நாக்குக்கும் பெரும்பாலும் தெரியாது. பெட்டியைக் கட்டிய பிளாஸ்டிக் பட்டையையும் கடலில் வீசாமல் அறுத்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். வளையமாக மிதந்தால் விலங்குகளின் கழுத்தில் இறுகும்.

நம் வட்டார மீன் வியாபாரிகளிடம் ஒரு வேண்டுகோள். மீன் உருண்டையைச் சிறு பொட்டலமாக விற்கிறீர்கள் அல்லவா? இரையையும் 3 கிலோ, 4 கிலோவாக, உறைய வைத்த தேதியை ஒட்டி விற்கலாம். கிலோவுக்கு ஐம்பது சென் கூட்டிக் கேட்டாலும் வாங்க ஆளிருக்கும்.

இப்படிக்கு,
ராவாய் தொழிலறிந்த வாசகர்,
நிபோங் திபால்