பழைய முன்சீப் கோர்ட் கட்டடத்தில் சிமென்ட் பூச்சை நிறுத்தக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்
அனுப்புநர்: கோர்ட் தெருவாசிகளும் பத்திர எழுத்தர்களும்
பார்வை: எங்களின் முந்தைய மனுக்கள் (பதில் இல்லை)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே உள்ள பழைய முன்சீப் கோர்ட்டைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். ஆய்வுக்கு வரும்போது தங்கள் வாகனம் நிற்பதே அதன் வாசலில்தான்.

1. அது சுண்ணாம்புக் கட்டடம். தளம் மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையில் கட்டி, செங்கல் ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். சென்ற பராமரிப்பில் ஒப்பந்ததாரர் வெளிப்புறம் முழுக்கச் சிமென்ட் பூசினார். வெளியே போக வழியில்லாத ஈரம் உள்ளே திரும்பிவிட்டது.

2. அந்த உள்ளேதான் பதிவறை இருக்கிறது ஐயா. எங்கள் குறையெல்லாம் இதுதான். வடக்குச் சுவரோரம் உள்ள வழக்கு ஆவணக் கட்டுகளைத் தொட்டால் விரலில் கரும்பூசணம் ஒட்டுகிறது. நாடாவை அவிழ்த்தால் தாள் பிரிவதில்லை, பிய்கிறது. பாகப்பிரிவினைத் தீர்ப்பின் நகல் கேட்டு வந்த மூதாட்டியிடம், கட்டு காய்ந்ததும் வரச் சொன்னார்கள். எப்போது காயும்? கோடையே வந்துவிட்டது, சுவர் இன்னும் வியர்க்கிறது. பாட்டன் நிலத்துக்கு அந்த ஒரு தாளை விட்டால் வேறு சாட்சி இல்லாதவர்கள் இங்கே எத்தனை பேர்! தாள் போனால் நிலம் போகும். இதையும் நாங்கள் எழுதித்தான் தெரிவிக்க வேண்டுமா?

3. மேல்தளத்தில் அரசங்கன்று. கிளையை வெட்டுகிறார்கள், வேரை விட்டுவிடுகிறார்கள்.

4. பழைய கட்டடம்தானே, இடித்தால் என்ன என்கிறார்கள். 1892-ல் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்தைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்பார்களா? அதன் உயர்ந்த கோபுரம் 1894 முதல் கலங்கரை விளக்கமாகவே நின்றது. எங்கள் கோர்ட்டுக்குக் குவிமாடம் இல்லைதான். ஆனால் குடியானவன் சட்டத்தின் முகத்தைப் பார்த்தது முன்சீப் கோர்ட்டில். மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, மேல் கோர்ட் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862-ல் வெளியிட்டார். அந்த மரபில் வந்த தாள்கள்தான் இப்போது மக்குகின்றன.

5. ஆகவே, சிமென்ட்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூச, அரசங்கன்றை வேரோடு எடுக்க உத்தரவிட வேண்டுகிறோம். அதற்கு முன், கட்டுகளை இன்றே உலர்ந்த அறைக்கு மாற்ற வேண்டுகிறோம். கட்டுகளை மட்டுமாவது மாற்றுங்கள் ஐயா. தென்புறச் சுவருக்கும் சிமென்ட் பூச, மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன.

இப்படிக்கு,
கோர்ட் தெருவாசிகள்