அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

எங்கள் கூரியர் நிறுவன நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சென்னை சவுகார்பேட்டை கோவிந்தப்ப நாயக்கன் தெருவில், நம் கிளையில் சைக்கிளில் டெலிவரி செய்யும் அண்ணனுக்கு நடந்த விபத்து உங்களுக்குத் தெரியும். மழைத் தண்ணீர், எதிரே மீன்பாடி வண்டி, பிடிக்காத பிரேக். பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்று அண்ணன் சொன்னபோது 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்றவரும் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறார். அது இருக்கட்டும்.

விபத்துப் பதிவேட்டில் 'உணவு இடைவேளையில் சொந்த வேலையாகச் சென்றபோது' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு உணவு இடைவேளை ஒன்று உண்டு என்பதே அதைப் படித்துத்தான் தெரிந்தது. மதியம் ஒன்றேகால் மணிக்குப் பதினொரு உறைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு சவுகார்பேட்டையில் அவருக்கு என்ன சொந்த வேலை? அந்த வரியைத் திருத்தி 'பணியின்போது' என்று எழுதுங்கள்.

அண்ணனுக்குத் தோளையும் மார்பையும் இணைக்கும் காறையெலும்பு முறிந்திருக்கிறது. படுத்தால் வலி தாங்கவில்லை. மூன்று வாரமாகச் சுவரோரம் நாற்காலி போட்டு, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, உட்கார்ந்தபடியே தூங்குகிறார். புளியந்தோப்பில் ஒரே அறை வீடு. மகள் பாய் விரித்துப் படித்த இடத்தில் இப்போது அந்த நாற்காலி; அவள் வாசற்படிக்குப் போய்விட்டாள். சட்டைப் பொத்தானை அண்ணிதான் போட்டுவிடுகிறார். நான் பார்க்கப் போனபோது அண்ணன் முதலில் கேட்டது, "பையில் இருந்ததெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டதா?"

பணியில் பட்ட காயம் என்றால், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. கூலியில் 90 சதவீதம் தருகிறது. சாதாரண நோய் என்றால் 70 சதவீதம். கொடுப்பது இ.எஸ்.ஐ.; உங்கள் கல்லாவிலிருந்து ஒரு ரூபாய் போகாது. விபத்தை 24 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டியதும் நீங்கள்தான். பிறகு எதற்கு இந்தச் சொந்த வேலைக் கதை?

மோட்டார் சைக்கிள்காரர்களுக்குப் பெட்ரோல் படி உண்டு. எங்களுக்குப் பஞ்சர் காசுகூடக் கிடையாது. ஆண்டு விழாவில் மட்டும் 'புகையில்லா டெலிவரி' என்று பதாகை கட்டி, எங்களைச் சைக்கிளோடு வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தீர்கள். அதில் முன்வரிசையில் சிரித்துக்கொண்டு நிற்பவர் அண்ணன்தான். புகை இல்லை, சரி, பிரேக்கும் இல்லை.

மன்னிக்கவும், வேறெங்கோ போய்விட்டேன். கேட்க வந்தது ஒன்றுதான்: 'பணியின்போது' என்று திருத்தி, இந்த வாரமே இ.எஸ்.ஐ.க்கு அறிக்கை அனுப்பிவையுங்கள். தயவுசெய்து. அன்றைய பதினொரு உறைகளின் டெலிவரி சீட்டு நகல்கள் என்னிடம் இருக்கின்றன. தேவைப்பட்டால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
அதே கிளையின் இன்னொரு சைக்கிள்காரன்