ரீகண்டிஷன் கார்களுக்கும் ஃபியூல் பம்ப் ரீகால் வேணும் – கோரிக்கை மனு

பெறுநர்: தலைமை அதிகாரி அவர்கள், தேசிய தரைப் போக்குவரத்து ஆணையம், மொரீஷியஸ்

பொருள்: ஜப்பான்ல இருந்து வர்ற செகண்ட் ஹேண்ட் கார்களோட ஃபியூல் பம்ப் கோளாறு

ஐயா, வணக்கம்.

நாங்க ரோஸ் ஹில், காத்ர் போர்ன் பக்கம் இருக்கிற குடும்பங்க, எங்கள்ல நிறைய பேர் ஓட்டுறது ஜப்பான்ல இருந்து கப்பல்ல வந்த ரீகண்டிஷன் கார்தான், புது கார் வாங்குற வசதி எல்லாருக்கும் இல்லையே, அங்கயும் இங்க மாதிரி இடது பக்கம்தான் ஓட்டுறாங்கங்கிறதால அந்த வண்டிங்க நம்ம ஊருக்கு அப்படியே ஒத்துவருது. வண்டில குறை சொல்ல வரல. அங்க ரீகால் ஆன வண்டி, அதாவது கோளாறுன்னு கம்பெனியே திரும்பக் கூப்பிட்டு இலவசமா சரிபண்ணித் தர்ற வண்டி, இங்க வந்தா கேக்க ஆளில்லாம போகுது, அதுதான் எங்க பிரச்சனை.

கார் பார்ட்ஸ் செய்யற டென்சோ கம்பெனியோட ஃபியூல் பம்ப் விஷயத்தையே எடுத்துக்கங்க. பெட்ரோல் டேங்குக்குள்ள இருக்கிற பம்ப் இது, அதுக்குள்ள இம்பெல்லர்னு ஒரு சின்ன பிளாஸ்டிக் சக்கரம் சுத்தும், சிலதுல அந்த பிளாஸ்டிக் போதுமான அடர்த்தி இல்லாம செஞ்சதால பெட்ரோலை உறிஞ்சி உப்பிப்போய் பம்ப் கூட்டுல உரசி கடைசில சுத்தாம நின்னுடும். அப்புறம் இன்ஜினுக்கு பெட்ரோல் போகாது, ஓடிட்டிருக்கிற வண்டி அப்படியே ஆஃப் ஆயிடும். டொயோட்டா 2020ல இதுக்கு ரீகால் ஆரம்பிச்சாங்க, ஹோண்டா 2023 டிசம்பர்ல உலகம் பூரா சுமார் 45 லட்சம் வண்டிக்கு அறிவிச்சாங்க. அதே வருஷம் ஜூலைல ஜப்பான்ல டொட்டோரி பக்கம் ஹைவேல இப்படி நின்ன ஒரு சின்ன கார் மேல பின்னால வந்த வண்டி மோதி ஒருத்தர் செத்தே போயிட்டார்.

எங்கள்ல ஒருத்தர் காரும் காலைல ஆஃபீஸ் நேரத்துல மோட்டார்வேல பாய் (Pailles) ஊரைத் தாண்டுறப்போ நின்னுபோச்சு, பின்னாடி பஸ்ஸும் லாரியும் வந்துட்டிருக்கு, உள்ள ஸ்கூல் பிள்ளைங்க. ஓரம் கட்ட முடிஞ்சதே பெரிய விஷயம். அந்த பிராண்ட் ஏஜென்ட்கிட்ட போனா இது நாங்க வித்த வண்டி இல்லன்னு அனுப்பிட்டாங்க, கம்ப்யூட்டர் 17 இலக்க நம்பர் கேக்குதாம், ஜப்பான் உள்ளூர் வண்டில அது கிடையாது, சுருக்கமான சேசிஸ் நம்பர்தான் இருக்கும். ரீகால் லெட்டர் ஜப்பான்ல பதிவு பண்ணின ஓனருக்குத்தான் போகும், ஏற்றுமதிக்குன்னு பதிவை நீக்கினப்புறம் அந்த வண்டிய யாரும் தேடுறதில்ல. அங்க இலவசமா மாத்துற பம்ப்புக்கு இங்க நாங்க கைக்காசு போடணும், இது எந்த விதத்துல நியாயம்?

ஐயா, இதுக்கு வேண்டியது ஏற்கனவே உங்க கைலயே இருக்கு. ஒவ்வொரு வண்டியோட சேசிஸ் நம்பரும் ஓனர் விலாசமும் உங்க ரிஜிஸ்டர்ல இருக்கு, ஜப்பான் கம்பெனிங்க வெப்சைட்ல சேசிஸ் நம்பர் போட்டாலே ரீகால் பாக்கி இருக்கான்னு காட்டுது. ரெண்டையும் ஒத்துப்பாத்து ஓனருக்கு ஒரு லெட்டரோ எஸ்எம்எஸ்ஸோ அனுப்ப ஏற்பாடு பண்ணுங்க, யார் கொண்டுவந்த வண்டியா இருந்தாலும் அந்த பிராண்ட் ஏஜென்ட் காசு வாங்காம பம்ப் மாத்திக் குடுக்கணும்னு உத்தரவு போடுங்க. இனிமே வர்ற வண்டிக்கு ரீகால் வேலை முடிஞ்சதுக்கு அத்தாட்சி இல்லாம இங்க பதிவு குடுக்காதீங்க. டீலருங்க விலை ஏறும்னு சொல்லுவாங்க, ஆனா அங்க இலவசமா நடக்கிற வேலையை கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடியே முடிச்சிட்டு வரச்சொன்னா விலை ஏன் ஏறணும்?

வண்டி ஃபிட்னஸ் சோதனைலயும் இதைச் சேக்கலாம். ஜப்பான்ல வெடிச்சுச் சிதறக்கூடிய டகாட்டா கம்பெனி ஏர்பேக்கை மாத்தாத ஆபத்தான வண்டிங்களுக்கு 2018 மே மாசத்துல இருந்து ஃபிட்னஸ் பாஸ் குடுக்கிறதையே நிறுத்தினாங்க. அதே வருஷம் நியூசிலாந்து, அங்கயும் ஜப்பான் செகண்ட் ஹேண்ட் வண்டி ஏராளம், அரசாங்கமே கட்டாய ரீகால் உத்தரவு போட்டு அந்த வண்டிங்களையும் சேத்துக்கிட்டாங்க. ஆனா பார்ட்ஸ் வர்ற வரைக்கும் ஓனருக்கு அவகாசம் குடுங்க, டாக்ஸி ஓட்டி பிழைக்கிறவங்க வண்டிய நிறுத்திட்டு உக்கார முடியாது.

எங்க வண்டிங்களோட சேசிஸ் நம்பர் லிஸ்ட்டும் இந்த மனுவோட பிரெஞ்சு காப்பியும் சேத்து வச்சிருக்கோம். முதல்ல அந்த லிஸ்ட்ல இருக்கிறதை செக் பண்ணி எழுத்துல பதில் குடுங்க, நேர்ல வரச்சொன்னாலும் வர்றோம்.

இப்படிக்கு,
ரோஸ் ஹில், காத்ர் போர்ன் ரீகண்டிஷன் கார் ஓனருங்க