நான்கு ஓவர் உடம்போடு ஐம்பது ஓவர் பயணம் போக முடியாது

மலேசிய கிரிக்கெட் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், தேர்வுக் குழுவினருக்கும், தேசியப் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

2024 பிப்ரவரி, மார்ச்சில் நம் மண்ணிலேயே நடந்த சேலஞ்ச் லீக் (50 ஓவர் உலகக் கோப்பைக்கான தகுதிப் பாதையில் ஒரு படி) தகுதிச் சுற்றில் எட்டு அணிகள் ஆடின. குவைத், இத்தாலி, தான்சானியா, பஹ்ரேன் ஆகிய நான்கும் மேலே போயின, நாம் போகவில்லை. அதனால் 2024–26 சுற்றில் நமக்கென்று எழுதிவைத்த 50 ஓவர் ஆட்டம் ஒன்றுகூட இல்லை. இன்னொரு பக்கம், 2019 ஜனவரி 1 முதல் ஐசிசி உறுப்பு நாடுகளின் ஆண்கள் அணிகள் ஆடும் டி20 எல்லாவற்றுக்கும் அனைத்துலக அந்தஸ்து உண்டு. எல்லா நாடுகளின் அட்டவணையும் டி20யால் நிரம்பியது அதனால்தான். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அடுத்த தகுதிச் சுற்று 50 ஓவரில்தான் நடக்கும். ஆட்டம் நம்மைத் தேடி வராதபோது நாம்தான் தேடிப் போக வேண்டும்.

எங்கள் யோசனை நைரோபி. கென்யா சேலஞ்ச் லீக்கில் இருக்கும் அணி. 2024இல் அந்த லீக்கின் ஒரு சுற்றை அங்கேயே நடத்தியது. ஐந்து ஆட்டத் தொடர் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஒருநாள் அனைத்துலக அந்தஸ்து கிடைக்காது, கிடைக்க வேண்டியதுமில்லை. மார்ச் முதல் மே வரை அங்கே பெருமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுமழை. ஆகவே ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை பார்ப்பதே புத்திசாலித்தனம்.

ஆனால் தொடரின் பாதி விதி விமானம் ஏறுவதற்கு முன்பே, இங்கே நடக்கும் ஒன்பது வாரத் தயாரிப்பில் முடிவாகிவிடும். இந்த மடல் முக்கியமாக அதைப் பற்றித்தான்.

முதலில் வேகப்பந்து வீச்சாளர்கள். 2023 ஜூலையில் பாயுவெமாஸ் திடலில் நம் வீச்சாளர் ஷியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக 8 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார், ஏழும் ஸ்டம்பைப் பெயர்த்தவை. ஆண்கள் டி20 அனைத்துலக ஆட்டங்களில் அதுவரை யாரும் செய்யாதது. அதற்கு அவருக்குத் தேவைப்பட்டவை 4 ஓவர், 24 பந்து. ஒருநாள் ஆட்டத்தில் அதே கைக்கு 10 ஓவர், அதாவது 60 பந்து, வைடும் நோபாலும் தனி. ஆறு நாளில் மூன்று ஆட்டம் என்றால் 180ஐத் தாண்டும். வாரம் 50, 60 பந்து போட்டுப் பழகிய முதுகை ஒரே வாரத்தில் 180க்குத் தள்ளினால் கீழ் முதுகெலும்பில் அழுத்த விரிசல் வருவதற்கு வழி திறந்துவிடுகிறோம். முதல் ஆட்டத்தில் எதுவும் தெரியாது. மூன்றாவதில் ஓட்டம் குறுகும், பந்து லெக் பக்கம் வழுகும், அப்புறம் ஆறு மாதம் ஆளே கிடைக்க மாட்டார்.

ஆகவே ஒவ்வொரு வீச்சாளருக்கும் பந்துக் கணக்கு வேண்டும். நெட், ஆட்டம் இரண்டையும் சேர்த்து முதல் வாரம் 100 பந்து, பிறகு 110, 120. நான்காவது வாரம் 80க்கு இறக்குங்கள். இந்த இறக்கம் ஓய்வுக்கான சலுகை அல்ல, எலும்பு தேறுவதற்கான நேரம். அதன் பின் 130, 145, 160, 180. ஒன்பதாவது வாரம் லேசாக வைத்துக்கொண்டு விமானம் ஏறலாம். நெட்டில் ஆறு ஆறாகப் போட்டால் போதாது. ஐந்து ஓவர், முக்கால் மணி நேரம் பவுண்டரியில் ஃபீல்டிங், மறுபடி மூன்று ஓவர், இன்னும் சற்று நேரம் கழித்து இரண்டு. உடம்பு ஆறிய பின் திரும்ப ஓடிவந்து போடும் அந்த முதல் ஓவரில்தான் தொடைத் தசை பிடிக்கிறது, டி20யில் பெரும்பாலும் அந்த நிலைமையே வருவதில்லை.

அடுத்தது 11 முதல் 40 வரையிலான ஓவர்கள். 30 ஓவர், 180 பந்து, இன்னிங்ஸில் பாதிக்கும் மேல். டி20யில் பவர்பிளே முடிந்ததும் ஐந்து பேரை 30 கஜ வட்டத்துக்கு வெளியே நிறுத்தலாம். ஒருநாள் ஆட்டத்தில் இந்த 30 ஓவரும் நால்வர்தான். ஐந்தாமவர் 41ஆவது ஓவரில்தான் வெளியே போகலாம். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். நம் சுழல்பந்து வீச்சாளர் லாங் ஆன், லாங் ஆஃப், டீப் மிட்விக்கெட், டீப் ஸ்கொயர் லெக், ஸ்வீப்பர் கவர் என்று ஐந்து பேரை நம்பிப் போட்டுப் பழகியவர். அதில் யாரை உள்ளே இழுப்பது? ஆஃப் ஸ்பின்னருக்கு ஸ்வீப்பர் கவரை இழுத்தால் அவர் ஸ்டம்பை விட்டு வெளியே போடவே கூடாது. லாங் ஆஃபை இழுத்தால் பந்தை இன்னும் கொஞ்சம் குட்டையாகப் போட வேண்டும். இந்த முடிவை ஒவ்வொரு வீச்சாளரோடும் உட்கார்ந்து இங்கேயே எடுக்க வேண்டும். நைரோபியில் 14ஆவது ஓவரில் கேப்டன் கையை ஆட்டி ஆட்டி ஆளை நகர்த்திக்கொண்டிருந்தால் நேரமும் போகும், ரன்னும் போகும்.

மட்டையாளர்களுக்கு நாங்கள் சொல்லும் பயிற்சி: நடு ஆடுகளத்தில், நால்வரை மட்டும் வெளியே நிறுத்தி, 180 பந்து. பவுண்டரி அடித்தால் இரண்டு ரன்தான் கணக்கு. இலக்கு 120, மூன்று விக்கெட்டுக்கு மேல் போகக்கூடாது. முதல் நாள் ஆளாளுக்குத் தூக்கி அடித்து 70க்குள் சுருண்டாலும் கவலைப்பட வேண்டாம். மிட் ஆஃபுக்கும் கவருக்கும் நடுவே பந்தை மெதுவாகத் தள்ளி ஒன்று ஓடுவது எப்படி என்பது இரண்டாம், மூன்றாம் முறையில் தானாக வரும். நம் மட்டையாளர் வீரன்தீப் சிங் போல நின்று ஆடத் தெரிந்தவர் ஒருவரை இளையவர்களோடு மாற்றி மாற்றி ஜோடி சேர்த்துவிடுங்கள்.

இதை எந்தப் பந்தில் ஆடுவது என்பதும் முக்கியம். 2025 ஜூலை முதல் ஒருநாள் அனைத்துலக விதிப்படி 34 ஓவர் வரை இரு முனைக்கும் தனித்தனிப் பந்து; அதன் பின் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்து 50 வரை போட வேண்டும். அதாவது 34ஆவது ஓவர் முடிவில் பந்துக்கு வயது 17 ஓவர், ஆட்டம் முடியும்போது 33. அதற்கு முந்தைய இரண்டு பந்து விதியில் எந்தப் பந்தும் 25 ஓவரைத் தாண்டாது. பழைய பந்து மெதுவாக வரும், ரிவர்ஸ் ஸ்விங்கும் ஆகலாம். நம் நெட்டில் அந்த வயதுப் பந்து எங்கே இருக்கிறது? லீக் ஆட்டம் முடிந்ததும் வெள்ளைப் பந்தில் மார்க்கர் பேனாவால் ‘18’, ‘27’, ‘33’ என்று ஓவர் கணக்கை எழுதிப் பையில் போட்டு வையுங்கள். ஈரப்புல்லில் உருண்டு ஊறிப்போன பந்தைச் சேர்க்காதீர்கள். அது மென்மையாகுமே தவிர சொரசொரப்பாகாது.

பயிற்சி ஆட்டத்தை மழைக்குப் பயந்து 35 ஓவராகக் குறைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பாண்டாமாரானிலோ பாங்கி யூகேஎம் திடலிலோ காலை 8.30க்குத் தொடங்கினாலும் இரண்டாவது இன்னிங்ஸ் பிற்பகல் இடியில் மாட்டும். முதல் காலை ஓர் அணியின் 50 ஓவர், மறுநாள் காலை மற்ற அணியின் 50 ஓவர் என்று பிரித்து விடுங்கள். ஒருநாள் ஆட்டத்தை இரண்டு நாளா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கடிகாரத்தையும் ஓட விடுங்கள்: 50 ஓவருக்கு 210 நிமிடம், ஓர் ஓவருக்கு 4 நிமிடம் 12 விநாடி. பிந்தினால் கடைசி ஓவர்களில் வெளியே நிற்கும் ஒருவரை உள்ளே இழுக்க வேண்டிவரும், அந்த ஓவர்களில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

நைரோபி கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல். காற்று மெலிவு என்பதால் தூக்கி அடித்த பந்து கூடுதலாகப் போகும், ஸ்விங்கும் சுழல்பந்தின் மிதப்பும் குறையும், முதல் சில நாள் நம் பிள்ளைகளுக்கு இரண்டாவது ரன்னுக்கே மூச்சு வாங்கும். நேரம் நமக்கு 5 மணி பின்னால். விடியற்காலை 2 மணிக்கே விழித்துக்கொள்வார்கள். ஜூலைக் காலையில் குளிர் 12 டிகிரி வாக்கில் இருக்கும், விரல் விறைத்தால் ஸ்லிப்பில் கேட்ச் நழுவும். முதல் ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்னதாகவாவது போய்ச் சேர வேண்டும். செலவைக் குறைக்க இதில் கை வைக்காதீர்கள், வேண்டுமானால் ஐந்து ஆட்டத்தை நான்காக்குங்கள்.

பேச்சுவார்த்தையில் ஆட்ட நிபந்தனைகளை எழுத்தில் வாங்குங்கள்: எந்த நிறுவனப் பந்து, இரண்டா ஒன்றா, மழை வந்தால் டக்வர்த் லூயிஸ் ஸ்டெர்ன் முறையில் புது இலக்கை யார் கணக்கிடுவது, மாற்று நாள் உண்டா. வேலைக்குப் போகும் வீரர்களுக்கு விடுப்புக் கடிதம் இரண்டு மாதம் முன்பே முதலாளி கையில் இருக்க வேண்டும். பிசியோதெரபிஸ்டை விட்டுவிட்டு அந்த இடத்தில் வேறு அதிகாரியை ஏற்றக் கூடாது.

கடைசியாக ஊசி. கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. அங்கிருந்து வருவோரிடம் நம் குடிநுழைவில் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள், ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். போட்ட சில நாளில் காய்ச்சலும் உடம்பு வலியும் வரக்கூடும் என்பதால், பந்துக் கணக்கை 80க்கு இறக்கும் அந்த நான்காவது வாரத்திலேயே அணி முழுவதற்கும் போட்டு முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கிள்ளான் பள்ளத்தாக்குத் திடல்களில் ஸ்கோர் எழுதுவோர், நடுவர்கள், வட்டாரப் பயிற்றுநர்கள் சிலர்
கோலாலம்பூர்