செந்தூலுக்கு வரும் பென்டிரைவ்

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. செந்தூல் வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுந்த செய்தியும், அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்த செய்தியும் மனத்துக்கு நிறைவாக இருந்தன. இங்கே அனைவரும் நலம்.

பாடல் வரிகளும் ஒலிப்பதிவுகளும் அடங்கிய நம் தாலாட்டுக் களஞ்சியத்தைப் புதுக் கணினியில் இறக்க மூன்று இரவுகள் முயன்றும், ஒவ்வொரு முறையும் பாதியைத் தாண்டியபின் இணைப்பு அறுந்து மீண்டும் முதலிலிருந்தே தொடங்கியதாக எழுதியிருந்தாய். பிழை உன்னுடையது அன்று. முதன்முறை ‘க்ளோன்’ செய்யும்போது, அதாவது களஞ்சியத்தை முழுவதுமாகப் படியெடுக்கும்போது, கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்க நாம் பயன்படுத்தும் கிட் என்ற மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி அனுப்புகிறது. அது நடுவழியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. கைப்பேசி இணைப்பில் மூன்று ஜிபியை ஒரே மூச்சில் இறக்குவது கடினம்தான்.

ஆனால் அந்த முதல் பொதி வந்து சேர்ந்துவிட்டால் பிறகு வருவதெல்லாம் கையளவே. கிட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது நாம் பதிந்து வைக்கும் ஒவ்வொரு நிலைக்கும், அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்பட்ட 40 எழுத்துப் பெயர் ஒன்று உண்டு. அந்தக் கணக்கில் அதற்கு முந்தைய கமிட்டின் பெயரும் அடக்கம். புதியவற்றை மட்டும் பெற நீ ‘ஃபெட்ச்’ செய்தால், உன் கணினி தனக்கு வேண்டிய புதிய கமிட்டின் பெயரை முதலில் சொல்லும். பிறகு தன்னிடம் இருப்பவற்றின் பெயர்களைச் சிறு சிறு தொகுதிகளாக அடுக்கும். அவற்றில் ஒன்றைச் சர்வர் அடையாளம் கண்டுகொண்டால் போதும், அதற்குப் பின்னால் உள்ள வரலாறு முழுவதும் உன்னிடம் இருப்பதாக அது புரிந்துகொள்ளும். மூதாதையர் ஒருவர் பெயரைச் சொன்னதும் வம்சமே விளங்கிவிடுவதைப் போன்றது இது. ஆயிரம் கோப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிடும் வேலையே இல்லை என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. விடுபட்டவற்றை அனுப்பும்போதும், நான் ஒரு பாடலில் ஒரு சொல்லைத் திருத்தியிருந்தால், உன்னிடம் உள்ள பழைய படியிலிருந்து இன்ன பகுதியை எடுத்துக்கொள், இடையில் இந்தச் சொல்லைச் சேர் என்ற குறிப்பாகவே பெரும்பாலும் அது வந்து சேரும்.

ஒலிப்பதிவுகளுக்கு இந்தச் சிக்கனம் பெரிதாக உதவாது. அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. இரைச்சலை நீக்கிச் சேமித்தாலே கோப்பு முழுவதும் மாறிவிடும், பழையதும் வரலாற்றில் அப்படியே தங்கிவிடும். அவற்றைத் தொடக்கத்திலேயே தனியாக வைத்திருக்க வேண்டும். அதை எண்ணி இப்போது வருந்துகிறேன். அண்மைய கமிட்டை மட்டும் ஆழமின்றி இறக்கலாமே என்று கேட்டிருந்தாய். அது பழைய படிகளைத்தான் தவிர்க்கும். இப்போதைய ஒலிப்பதிவுகள் அனைத்தும் வந்தே தீரும் என்பதால் நம் சிக்கலுக்கு அது போதாது.

ஆகவே ‘கிட் பண்டில்’ கட்டளையால் களஞ்சியம் முழுவதையும் ஒரே கோப்பாக்கிப் பென்டிரைவில் ஏற்றிவிட்டேன். அக்காள் மகன் ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ் ரயிலில் கோலாலம்பூர் திரும்புகிறான். நானே ஃபெர்ரியில் சென்று அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். கே.எல். சென்ட்ரலில் அதை வாங்கிக்கொள். கோப்பை முதலில் கணினியில் படியெடுத்து, சர்வர் முகவரிக்குப் பதிலாக அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்து க்ளோன் செய். முடிந்ததும் ‘ரிமோட்’ முகவரியை நம் சர்வருக்கு மாற்ற மறவாதே. மாற்றாவிட்டால் ஒவ்வொரு ஃபெட்ச்சும் அந்தக் கோப்பையே தேடும். பிறகு நான் இந்த வாரம் சேர்த்த சில திருத்தங்கள் மட்டும் உன் கைப்பேசி இணைப்பிலேயே வந்துவிடும்.

வந்ததும், பாட்டி பாடிய மூன்றாவது தாலாட்டைக் கேள். நான்காம் அடியில் அவர் சொல்வது ‘தொங்கட்டான்’ என்றே எனக்குக் கேட்கிறது. நீ ‘தங்கக்கட்டி’ என்று எழுதியிருக்கிறாய். அந்த ஊர்ப் பேச்சு உனக்குத்தான் பழக்கம். கேட்டுவிட்டு எது சரியோ அதைத் திருத்தி அனுப்பு.

உன் அன்பு நண்பன்