கடைசி லீக் ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் சிறுவர் கால்பந்துப் போட்டி நடத்தும் பெரியவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

கோடை விடுமுறையில் நீங்கள் படும் பாடு எங்களைப் போன்ற பெற்றோருக்குத் தெரியாமல் இல்லை. நன்கொடைக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறீர்கள். மைதானத்துக்கு அனுமதி கேட்டு அலைகிறீர்கள். வெயில் ஏறுவதற்குள் முதல் ஆட்டத்தைத் தொடங்க வேண்டுமென்று இருட்டிலேயே வந்து சுண்ணாம்புக் கோடு போடுகிறீர்கள். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தும், ஆம்பூர்ப் பிள்ளைகளும் ஆற்காட்டுப் பிள்ளைகளும் வேன் பிடித்து வந்து ஒரே மைதானத்தில் ஆடுகிறார்கள் என்றால் அதற்கு நீங்கள்தான் காரணம். அதனால்தான் இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

இந்தக் கோடையில் 12 வயதுக்கு உட்பட்டோர் போட்டி ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கே, யார் நடத்தியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். குரூப்பில் மூன்று அணிகள். முதல் இரண்டு அணிகளுக்கு அடுத்த சுற்று. ஓர் அணி இரண்டு ஆட்டத்தையும் முடித்துவிட்டது: ஒன்றில் தோல்வி, ஒன்றில் டிரா, கையில் 1 புள்ளி (வெற்றிக்கு 3, டிராவுக்கு 1). அந்த அணியை வென்ற அணியும், அதோடு டிரா செய்த அணியும் கடைசி ஆட்டத்தில் மோதின. டிரா ஆனால் ஒருவருக்கு 4 புள்ளி, குரூப்பில் முதலிடம். மற்றவருக்கு 2 புள்ளி, அதுவும் போதும். மூன்றாவது அணி வீட்டுக்குக் கிளம்பலாம்.

முதல் பாதியில் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். இடைவேளையில் யாரோ கணக்குச் சொல்லிவிட்டார்கள் போல. அப்புறம் நடந்தது ஆட்டமே இல்லை. கோல்கீப்பர் பந்தை உருட்டுவான், டிஃபெண்டர் காலால் மிதித்து நிறுத்துவான், எதிரணி ஃபார்வர்டு இருபதடி தள்ளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பான். டிஃபெண்டர் பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டுவான், பந்து சுற்றி மறுபடி கோல்கீப்பரிடமே வரும். விவரம் தெரியாத ஒரு பொடியன் மட்டும் பந்தைப் பறித்துக்கொண்டு கோலை நோக்கி ஓடினான். "டேய், பின்னாடி போடுடா!" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தியது அவனுடைய கோச்தான். பையன் நின்றான். என்ன செய்வதென்று புரியாமல் பந்தை அவுட்டுக்கு அடித்துவிட்டான். காலில் கட்டிய ஷின் கார்டு காப்பைக்கூடக் கழற்றாமல் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது அணிப் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் மகன் அடுத்த சுற்றுக்குப் போன அணியில்தான் ஆடினான்.

டிராவுக்கு ஆடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தினமும் புல்தரையில் பயிற்சி எடுக்கும் அகாடமி அணியை எதிர்த்து, அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பள்ளி அணி பத்துப் பேரையும் பின்னால் நிறுத்தி, வருகிற பந்தையெல்லாம் நெஞ்சில் வாங்கி, 0-0 என்று முடித்தால் எழுந்து நின்று கைதட்டுவேன். அது உழைத்து வாங்கிய புள்ளி. எதிரணி அதை உடைக்கப் பார்க்கிறது, இவர்கள் விடவில்லை. இரண்டு அணியும் மனசுக்குள் கைகுலுக்கிக்கொண்டு, அங்கே இல்லாத மூன்றாமவனைக் கவிழ்ப்பது வேறு கதை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து "ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் இல்லை" என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இந்த வியாதி உலகக் கோப்பையையே பிடித்ததுதான். 1982-இல் ஸ்பெயினில், ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தி உலகத்தையே வாய்பிளக்க வைத்த அல்ஜீரியா, தன் கடைசி ஆட்டத்தை முந்தைய நாளே முடித்திருந்தது. ஜெர்மனி ஒரு கோல், இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இரண்டு ஐரோப்பிய அணிகளும் உள்ளே, அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனியின் ஹ்ருபெஷ் கோல் போட்டார். அதன்பின் ஆட்டம் மெல்ல மெல்ல நடைப்பயிற்சியாகிவிட்டது. விலைபோய்விட்டீர்கள் என்பதுபோல் அல்ஜீரிய ரசிகர்கள் பண நோட்டுகளை ஆட்டிக் காட்டினார்கள். அல்ஜீரியா முறையிட்டது, விதி எதுவும் மீறப்படவில்லை என்று உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா கைவிரித்தது. ஆனால் 1986 உலகக் கோப்பையிலிருந்து ஒவ்வொரு குரூப்பின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. யாருக்கும் நீதிபோதனை வகுப்பு எடுக்கவில்லை. அட்டவணையை மாற்றினார்கள்.

மூன்று அணி குரூப்பின் ஆபத்தும் அவர்களுக்குத் தெரிந்ததுதான். 2026 உலகக் கோப்பையை மூன்று அணி குரூப்பாக நடத்துவதாக முதலில் முடிவெடுத்து, பிறகு 2023 மார்ச்சில் நான்கு அணி குரூப்புக்கே திரும்பினார்கள். இரண்டு அணிகள் கூட்டுச் சேரும் அபாயத்தையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள்.

ஆகவே என் கோரிக்கை உங்கள் ஃபிக்ஸ்சர் தாளை, அதாவது ஆட்ட அட்டவணையைப் பற்றியது. எட்டு அணிகள் வந்தால் நான்கு நான்காகப் பிரியுங்கள், கடைசி இரண்டு ஆட்டங்களுக்கும் ஒரே விசில் அடியுங்கள். "ஒரே மைதானம்தானே இருக்கிறது" என்பீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முழு மைதானம் எதற்கு? 105 மீட்டர் நீள மைதானத்தைக் குறுக்கே பிரித்தால் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட இரண்டு மைதானம் தாராளமாகக் கிடைக்கும். கூடுதலாகத் தேவை இரண்டு ஜோடி சின்ன கோல்போஸ்ட், இன்னொரு ரெஃப்ரீ. நம் ஊர்ப் பள்ளிகளில் பி.டி. சார்களுக்கா பஞ்சம்? வேலூர் வெயிலில் ஒரு மணி நேரம் மிச்சமாவது தனி லாபம். ஒன்பதரை மணிக்குமேல் பிள்ளைகளை ஓட விடுவதே பாவம்.

மூன்று அணி குரூப்பைத் தவிர்க்கவே முடியாவிட்டால் முதலிடத்துக்கு மட்டும் அடுத்த சுற்று என்று வையுங்கள். நான் சொன்ன ஆட்டத்தில் இந்த விதி இருந்திருந்தால் இரண்டாவது அணிக்கு டிராவால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஜெயித்தே ஆக வேண்டியிருந்திருக்கும். டிரா ஆனதும் பெனால்டி அடித்துக் கூடுதல் புள்ளி கொடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அன்றைய கணக்கில் பெனால்டியில் யார் தோற்றிருந்தாலும் இரண்டு அணியும் உள்ளேதான்.

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2018 உலகக் கோப்பையில் ஜப்பான், போலந்திடம் 0-1 என்று பின்தங்கியிருந்தபோதே பின்னால் பந்தைத் தட்டித் தட்டி நேரத்தைக் கடத்தியது. அதே நேரத்தில் நடந்த இன்னொரு ஆட்டத்தில், அதே குரூப்பில் இருந்த செனகல் தோற்றுக்கொண்டிருந்தது. இரண்டு அணிக்கும் மற்ற கணக்கெல்லாம் சமம், மஞ்சள் அட்டை குறைவு என்ற கணக்கில் ஜப்பான் தப்பியது. ஆனால் அங்கே ஒரு துணிச்சல் இருந்தது. செனகல் ஒரு கோல் போட்டிருந்தால் ஜப்பான் காலி.

பயிற்சியாளர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. கோப்பை, சான்றிதழ், அடுத்த வருட அட்மிஷன் என்று உங்கள் தலையில் எவ்வளவு பாரம் என்று புரிகிறது. அந்தக் கணக்கெல்லாம் உங்களோடு இருக்கட்டும். கோலை நோக்கி ஓடுகிற பதினொரு வயதுப் பையனைத் திரும்பி வரச் சொல்லாதீர்கள்.

அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் அடிப்பதற்குமுன் ஃபிக்ஸ்சரையும் விதிகளையும் பெற்றோரிடம் ஒருமுறை காட்டுங்கள். இரண்டாவது மைதானத்துக்குக் கோடு போட ஆள் வேண்டுமென்றால் நாங்கள் நாலைந்து அப்பாக்கள் தயார். சுண்ணாம்பும் கயிறும் எங்கள் செலவு.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு தகப்பன்